ஒன்பது பேரைத் தேடிப் போன அருள்மேரி

ஒரத்தநாடு கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்து, சவுதி முதல் சிங்கப்பூர் வரை ஏழு கடல்களையும் ஒரே மஞ்சள் போர்டின் கீழ் கட்டி ஆண்டவன் நான். அந்தக் காலத்தில் கல்யாணமோ சாவோ, என் காதைத் தொடாமல் எந்த வீட்டுக்கும் போனதில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு என் அக்கா மகள் அருள்மேரியின் மரணச் செய்தி, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்போனில் வந்தது. தஞ்சாவூரிலிருந்து அவருடைய மாணவி பேசினார்.

"மாமா, மேடம் போய்ட்டாங்க மாமா."

வாயில் நுரையோடு "எங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதது. அதன்பிறகு எனக்கு வாய் கொப்பளிக்கத் தோன்றவில்லை.

தூக்கி வளர்த்த மாமன் மருமகளை 'அவர்' என்று எழுதுவது உலகத்தில் இல்லாத வழக்கம்தான். ஆனால் காலனித் தெருவில் தவழுகிற பிள்ளையைக்கூட "வாங்க" என்று கூப்பிட்ட மனுஷியை 'அவள்' என்று எழுத என் பேனா மறுத்துவிட்டது. இந்த நினைவு மலரைப் படிக்கிற செவிலியர்கள் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேள்வி கேட்கவே பிறந்தவர் அவர். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது மற்ற குழந்தைகள் அழும். இவர் மட்டும் ஃபாதரை முறைத்து, "இது எந்த வாய்க்கால் தண்ணி?" என்று கேட்பதுபோல் பார்த்தார். மறைக்கல்வி வகுப்பில், பத்துத் தொழுநோயாளிகள் ஆண்டவரால் குணமாகி, ஒருவர் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதையை ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன அருள்மேரி எழுந்தார்.

"மத்த ஒம்பது பேரு ஏன் ஃபாதர் வரல?"

"நன்றி கெட்டவங்க."

"யாராவது போய்க் கேட்டாங்களா?"

ஃபாதர் அன்று ராத்திரியே இடமாற்றம் கேட்டு ஆயருக்கு எழுதியிருப்பார் என்பது என் கணிப்பு.

செவிலியர் படிப்பு முடித்ததும், டெல்டாவே பாஸ்போர்ட்டும் கையுமாக நின்ற காலத்தில், அவரும் வளைகுடாவுக்குப் போனார். வெள்ளிக்கிழமை என் பூத்துக்குப் பேசுவார். ஒருமுறை "நல்லாருக்கீங்களா மாமா" என்று தொடங்கியவர், அடுத்த மூச்சில், "அங்க யாரு மாமா இருமுறது?" என்றார். வெளியே தன் மகனின் போனுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர். "போன அவர்ட்ட குடுங்க." அரபிக்கடல் தாண்டி வந்த ஒரு இருமலைப் பிடித்து, எத்தனை நாளாக, சளியில் ரத்தம் உண்டா என்று விசாரித்து, அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவைத்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். டெலிபோன் வழியாக நுரையீரலைத் தட்டிப் பார்த்த முதல் பெண் என் மருமகள்தான் என்று கும்பகோணம் வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அங்கிருந்து இங்கிலாந்து, மேற்படிப்பு, டாக்டர் பட்டம். ஊருக்கு வந்ததும் மூட்டுவலிக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "நான் ஊசி போடுற டாக்டர் இல்லங்க, கேள்வி கேக்குற டாக்டர்" என்றார். கூட்டம் ஏமாந்து கலைந்தது.

அவர் எடுத்துவந்த கேள்வி இதுதான். காசநோய்க்கு மாத்திரை இலவசம், சுகாதார நிலையம் பக்கத்தில். மற்ற தெருக்காரர்கள் கடைசி வரை வந்து விழுங்குகிறார்கள். காலனித் தெருக்காரர்கள் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஏன்?

"அவங்களுக்குப் பொறுப்பு கெடையாது மேடம்" என்றார் ஒரு அதிகாரி.

திரும்பும் வழியில் அருள்மேரி சொன்னார்: "இருட்டோட எந்திரிச்சு நடவுக்குப் போறவங்களுக்குப் பொறுப்பு இல்லன்னா, பொறுப்புன்னா என்ன மாமா?" இது என் டி.வி.எஸ். ஐம்பதின் பின்சீட்டில் நடந்த உரையாடல். அந்த ஆராய்ச்சியின் தலைமை ஓட்டுநர், பாதுகாப்பு அதிகாரி, நாய் விரட்டுபவர் எல்லாம் நானே.

காலனியில் பவுனு என்று ஒரு பெண். நடவு வேலை. புருஷன் மலேசியாவில். இரண்டு சின்னப் பிள்ளைகள். மாத்திரையைப் பாதியில் விட்டதில் இருமல் திரும்பிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் அந்த மாத்திரைகளே கேட்காமல் போகலாம், பிள்ளைகளுக்கும் தொற்றலாம் என்று அருள்மேரி வழியெல்லாம் கவலைப்பட்டார். பவுனு கயிற்றுக் கட்டிலில் இடம் விட்டு உட்கார வைத்தார். அருள்மேரி குனிந்து, வெளிநாட்டில் பழகிய மரியாதையோடு கேட்டார்:

"உங்க கையத் தொட்டுப் பாக்கலாமா?"

பவுனுவின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "வேணாங்க. தொட வேணாம்." எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியிலிருந்து மாமியார்தான் பேசினார்.

"அந்தக் காலத்துலதான் எங்களத் தொடுறதுக்கு ஆயிரம் யோசன பண்ணுனாங்க. ஏரோப்ளேன்ல வந்த நீங்களும் யோசிச்சுத்தான் தொடுவீங்களோ?"

என் வண்டி வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஓடியதில்லை. கல்லணைக் கால்வாய்ப் பாலம் வந்தது. பின்சீட்டிலிருந்து அருள்மேரி சொன்னார்: "மனசுல அடிபட்டவங்களக் கேக்காமத் தொடக்கூடாதுன்னு படிச்சேன் மாமா. படிச்சது தப்பில்ல. ஆனா இங்க அடி வேற எடத்துல பட்டிருக்கு. அது எந்த எடம்னு எனக்குத் தெரியணும்."

இன்னொருவராக இருந்தால் அவமானத்தில் பெட்டியைக் கட்டியிருப்பார். இவருக்கு எப்போது விடியும் என்று இருந்தது.

மறுநாள் அதே கட்டில். அருள்மேரி ஒன்றும் கேட்கவில்லை. தன் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "நாடி பாக்கணும். எப்பத் தோணுதோ அப்ப வைங்க. அவசரமில்ல." நான் வாசலில் ஒரு சேவலோடு பகைத்துக்கொண்டு நின்றேன். பவுனு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன சிஸ்டர் தழும்பு?"

"ஆஸ்பத்திரில சாமான் வேக வைக்கிற ட்ரம்முல சுட்டுக்கிட்டது. மூடியத் தெறந்துட்டேன்."

"எதுக்குத் தெறந்தீங்க?"

"உள்ள என்ன ஆகுதுன்னு பாக்கத்தான்."

பவுனு சிரித்துவிட்டார். சிரிப்போடு இருமலும் வந்தது. இருமி முடித்துத் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்தார். வைத்தபிறகு சொன்னார்:

"அங்க மாத்திரைய மேலேருந்து போடுறாங்க சிஸ்டர். ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கணும், பொத்துனு விழும். எங்க மாமியாருக்குப் பண்ணையில அப்படித்தான் தண்ணி ஊத்துனாங்களாம். சீக்கு போவலன்னாலும் பரவாயில்லன்னு ஆயிட்டுது."

அவ்வளவுதான். உலக மருத்துவமே தேடிய பதில், சேவலுக்கும் எனக்கும் எதிரில் விழுந்தது.

சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தவரிடம் அருள்மேரி சண்டைக்குப் போகவில்லை. அவரிடமும் கேள்விதான். "உங்களுக்கு என்னங்க பயம்?" அவர் தலைகுனிந்து, "வீட்ல கைப்புள்ள இருக்கு மேடம். ஒட்டிக்குமோன்னுதான்" என்றார். அவர் பயந்தது கிருமிக்கு. எல்லாத் தெருக்காரர்களுக்கும் அப்படித்தான் மேலேயிருந்து போட்டிருக்கிறார். மற்றவர்களுக்கு அது மாத்திரை. பவுனுவுக்கு அது மாமியார் குடித்த தண்ணீர். கையைத் தொடுவதால் இது ஒட்டாது, இருமுகிற காற்றில்தான் பரவும் என்று சொல்லி, ஜன்னல்களைத் திறக்கவைத்தார். மேஜைமேல் எவர்சில்வர் கிண்ணங்கள் வந்தன. அவரவர் மாத்திரையை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். பவுனு முழுசாக விழுங்கி முடித்தார். காலனித் தெருவும் கடைசி வரை வந்தது. அதைப் பற்றி அருள்மேரி எழுதிய கட்டுரையை எந்தெந்த நாட்டிலோ படித்தார்களாம். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. கிண்ணம் புரிந்தது.

அதன்பிறகு தஞ்சாவூரில் அவரிடம் படித்த அத்தனை பெண்களும் நோயாளியிடம் கையை மல்லாத்தி நீட்டப் பழகினார்கள். "நம்ம கை கீழ இருக்கட்டும்" என்பது அவர் வாக்கு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். நான் எண்ணிய கணக்கில் சோழ நாடே வந்திருந்தது. பெட்டியை இறக்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். நின்றபடி, மேலேயிருந்து. வரிசையில் பவுனுவின் முறை வந்தது. இப்போது தலை நரைத்துவிட்டது. அவர் மண்ணை அள்ளிக்கொண்டு குழியின் ஓரத்தில் முழங்கால் போட்டார், பிறகு குப்புறவே படுத்துவிட்டார்.

"யம்மா, உள்ள விழுந்துடப் போற! நின்னே போடு" என்று குழி வெட்டியவர் பதறினார்.

"மேலேருந்து போட மனசு வரலண்ணே."

கையை எட்டிய மட்டும் இறக்கி, விரல்களை மெல்லத் திறந்தார். மண் விழுந்த சத்தமே கேட்கவில்லை. அதன்பிறகு ஒருவரும் நின்று போடவில்லை. பதினான்கு உலகங்களிலும் மோசமான முழங்கால்களுக்குச் சொந்தக்காரனான நானும், இரண்டு செவிலியர்கள் தாங்கிப் பிடிக்க, மண்டியிட்டேன்.

அருளு, போய் வா. 'ங்க' போட்டுச் சொல்ல இந்த ஒரு தடவை நாக்கு வரவில்லை, மன்னித்துக்கொள். அந்த ஒன்பது பேரும் அங்கேதான் எங்கேயாவது இருப்பார்கள். நேரிலேயே கேட்டுவிடு. கேட்கும்போது கை கீழே இருக்கட்டும்.