பெரியப்பாவின் தேனீக்கள்

எங்கள் ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. பாடமாக்கினோம், எழுதினோம், புள்ளி வாங்கினோம், மறந்துவிட்டோம். மாரி முடியும், கொஞ்சம் பனி விழும், பங்குனியில் வேம்பு பூக்கும், பிறகு வெயில். அவ்வளவுதான். கனடாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை என் கணவரின் அண்ணர் பின்வளவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, "ஆகா! இதெல்லோ ஸ்பிரிங்!" என்று எங்களுக்கு அறிவித்தார். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற எங்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

அவர் நின்ற இடம் நான் வேப்பம்பூப் பொறுக்க விரித்திருந்த வெள்ளைச் சீலை. செருப்போடு நின்றார்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வடகத்துக்கு விரிச்சது."

"இனிப் பூவைப் பொறுக்காதை பிள்ளை. உது பூச்சியளின்ரை சாப்பாடு. நாங்கள் மனிசர் எல்லாத்தையும் பறிச்சுத் திண்டு திண்டுதான் உலகம் இந்தக் கெதியிலை நிக்குது."

உதிர்ந்த பூவில் எந்தப் பூச்சியும் தேன் குடிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள் நான். ஆனால் அவர் காணொளி பார்த்தவர். சீலையைச் சுருட்டினேன். மத்தியானம் அதே மனிதர், போன வருடத்து வேப்பம்பூ வடகத்தைப் பொரித்து வைக்க வைக்க, சோற்றோடும் சோறில்லாமலும் தின்று தீர்த்தார். பூச்சிகளை அப்போது அவருக்கு ஞாபகமில்லை.

என் மகளுக்கு அவர் பெரியப்பா. பிள்ளைக்குப் பழக்குவதற்காக நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றே சொல்லத் தொடங்கினோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பெயரில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கும் பிடிக்கும்.

வந்து சில நாட்களில் பெரியப்பா கரவெட்டியில் யாரிடமோ போய் ஒரு தேனீப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். ஓட்டோவின் பின் இருக்கையில் அதைத் தன் பக்கத்தில் இருத்தி, மேலே கையைப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தார். தன் மகனைக்கூட அவர் அப்படி அணைத்ததை நான் படத்திலும் கண்டதில்லை. பின்வளவில் கொய்யா மரத்தடியில் நாலு கால் தாங்கி ஒன்றை அடித்து, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்ப் பேணி வைத்து, பெட்டியை அதன்மேல் ஏற்றினார்கள். ஏற்றியது என் கணவர். படம் எடுத்தது பெரியப்பா.

இப்போது என் பயத்தைச் சொல்லவேண்டும். போன வருடம் ஒரு கோயில் மடத்தில், சர்க்கரைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில், மகளின் கழுத்தில் ஒரு தேனீ குத்தியது. ஒரே ஒரு தேனீ. கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் மூடுமளவுக்கு முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டொக்டர், அடுத்த தரம் இதைவிட மோசமாக வரலாம், தேனீ இருக்கிற பக்கமே விடாதீர்கள் என்று சொன்னார். அதன் பிறகு நான் பூக்கடையைக் கண்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவின் மற்றப் பக்கம் போகிறவள். அப்படிப்பட்டவளுடைய வளவுக்குள்ளேயே ஒரு பெட்டி நிறையத் தேனீ வந்து இறங்கியது.

"அத்தான், சின்னவளுக்குத் தேனீ ஒத்துக்கொள்ளாது" என்றேன்.

"அது குளவியா இருந்திருக்கும் பிள்ளை."

"இல்லை, தேனீதான். டொக்டரும் சொன்னவர்."

"டொக்டர் அதைக் கண்டவரோ?"

மாமி சிரித்தா. தன் மூத்த மகன் வாயைத் திறந்தாலே மாமிக்குச் சிரிப்பு வரும். "சுண்ணாம்பு பூசினால் வத்திப்போடும். நாங்கள் இவங்களை ஊசி போட்டே வளத்தனாங்கள்?" என்றா. அவர்கள் வளர்ந்த வளர்த்தி கண்முன்னே நின்றது.

பெரியப்பா எனக்குப் பக்கத்தில் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "நாங்கள் பயப்பிட்டால் அதுகளுக்கு மணக்கும். நாங்கள் அமைதியா நிண்டால் அதுகளும் அமைதி. என்னைப் பார்." பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தேனீக்கள் அவரைச் சட்டை செய்யாமல் முருங்கைப் பூவுக்குப் போய்வந்தன. அதற்கும் ஒரு படம்.

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். இந்த வீடும் வளவும் என் அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஏலாது என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. வாயால் வெளியே வந்தபோது, "தேத்தண்ணி குடிக்கிறியளோ அத்தான்?" என்று மாறிவிட்டது. அவர் குடித்தார். சீனி குறைவு என்றும் சொன்னார்.

அன்றிரவு கணவரிடம் கேட்டேன்.

"அண்ணை இவ்வளவு தூரம் வந்து ஆசையாச் செய்யிறார். இன்னும் ரெண்டு கிழமைதானே" என்றார்.

"ரெண்டு கிழமை அவர் இருப்பார். பெட்டி?"

"நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுவீர். பேந்து பாப்பம்."

என் கணவர் நல்லவர். தன் அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கட்டளை போடுகிறவர். அண்ணர் வந்து இறங்கினால் மட்டும் அவருக்கு வயது பன்னிரண்டு.

பேந்து, அதாவது பிறகு, பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. பின்கதவைப் பூட்டி வைத்தேன். மகளை முன்வளவில் மட்டும் விளையாட விட்டேன். அவள் மணித்தியாலத்துக்கு ஒருதரம், "அம்மா, நான் எப்ப பின்னுக்குப் போறது?" என்று கேட்டாள். பின்னுக்குத்தான் அவளுடைய நாய் நிற்கும், பூனை படுக்கும், கத்தரிப் பாத்திக்கு அவள் தண்ணீர் ஊற்றுவாள். என் கத்தரியும் மிளகாயும் அந்த நாட்களில் பெரியப்பாவின் ஆட்சியில் இருந்தன. புல் பிடுங்கக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும். இயற்கை பார்த்துக்கொண்டது. மிளகாய் இலை எல்லாம் சுருண்டுபோயிற்று. எங்கள் வீட்டில் பூனைக்கு மட்டும்தான் அறிவு இருந்தது. பெட்டி வந்த அன்றே கிணற்றடியை விட்டு என் அலுமாரிக்கு மேலே குடிபோய்விட்டது.

எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். உண்மையிலேயே குளவியோ? நான்தான் பிள்ளையைக் கோழையாக வளர்க்கிறேனோ? படித்ததை எல்லாம் பயமாக மாற்றி வைத்திருக்கிறேனோ? மகள் நித்திரையாக இருக்கும்போது அவள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு எழும்பிப் பின்கதவின் கொண்டியைப் பார்ப்பேன். பிறகு இன்னொருதரம் பார்ப்பேன்.

வருடப்பிறப்பு வந்தது. அந்த வருடம் நல்ல பகலில் பிறந்தது. கோயிலிலிருந்து மூலிகை காய்ச்சிய மருத்துநீர் வாங்கி வந்து, மாமி எல்லோர் தலையிலும் வைத்துவிட, நாங்கள் குளித்து முடித்தோம். பெரியப்பா மட்டும் குளிக்கவில்லை. வருடம் பிறக்கும் அந்த நிமிடத்துக்குச் சீனவெடி கொளுத்தவேண்டுமென்று, மஞ்சளும் பாலும் நெற்றியில் வடிய வடிய, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முன்வாசல் படலையடியில் நின்றார். வெடி நீளமாகப் படலையிலிருந்து நிலம்வரை தொங்கியது. கனடாவில் கொளுத்த விடமாட்டார்களாம். அவருடைய இத்தனை வருட அடக்கம் எல்லாம் எங்கள் படலையில் தொங்கியது.

எங்கள் நாய்க்கு வெடியென்றால் பயம். போன வருடப்பிறப்புக்கு ஓடிப்போனதை, பிறகு புத்தூர்ச் சந்திக்கு அப்பால் யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்தில் கண்டுபிடித்தோம். அதனால் இந்த வருடம் கட்டிப்போடவேண்டும் என்று முடிவானது. படலையிலிருந்து ஆகத் தூரமான இடம் எது? பின்வளவு. சங்கிலி கட்டத் தோதான மரம் எது? கொய்யா. கணவர் கட்டினார்.

"அதிலை பெட்டியெல்லோ இருக்குது?" என்றேன்.

"சங்கிலி எட்டாது. பாத்துத்தான் கட்டினனான்."

"வெடிக்குப் பயந்து சுத்தினால்?"

"பிள்ளை," என்று படலையடியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது, "நல்லநாள் பெருநாளிலை உப்பிடிக் கதையாதை!"

வெடி தொடங்கியது. கணவர் கைபேசியில் படம் எடுத்தார். மகள் என் இடுப்பில் இருந்து காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெடிச் சத்தத்துக்குள் நாய் கத்தியது முதலில் கேட்கவில்லை. பிறகு தகரப் பேணி உருளும் சத்தமும், ஏதோ கனமாக விழுந்த சத்தமும் கேட்டன. நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் சங்கிலி தாங்கியின் காலில் கொழுவி, பெட்டி கவிழ்ந்துவிட்டது. வெடி நின்றபோது வீட்டுக்குப் பின்னால் இன்னொரு இரைச்சல் தொடங்கியிருந்தது.

அமைதியாக நிற்கிற மனிதரை அப்போதுதான் பார்த்தேன். பெரியப்பா என்னைத் தாண்டி, தன் தாயைத் தாண்டி, மருத்துநீர் சொட்டச் சொட்ட ஓடி, குளியலறைக்குள் புகுந்து கொண்டியைப் போட்டார். மாமி பின்னால் ஓடிப்போய்க் கதவைத் தட்டினா.

"தம்பி, திற! அம்மா நிக்கிறன்!"

"நில்லுங்கோ அம்மா, ரெண்டு வந்திட்டுது உள்ளுக்கை!"

திறக்கவில்லை.

நான் மகளைச் சாமியறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் புதுச்சீலையைச் சுருட்டி அடைத்தேன். பிறகு மாமியை இழுத்து முன்னறைக்குள் விட்டேன். உள்ளே இருந்து மகள், "அம்மா, நாய்! அம்மா, நாய்!" என்று அலறினாள். நாயால் ஓட முடியாது. கட்டியிருந்தோம். அது நிலத்தில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, என் வாழ்நாளில் நான் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. கணவர் பின்கதவின் கண்ணாடிக்கு உள்ளே நின்று, "இப்ப என்ன செய்யிறது, இப்ப என்ன செய்யிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டார் என்று தெரியாது. அண்ணர் குளியலறைக்குள் இருந்தார்.

மகளின் கட்டிலிலிருந்து நுளம்பு வலையைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு போனேன். அது தைரியம் இல்லை. சாமியறைக்குள் கேட்ட அழுகையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். சங்கிலி மரத்தில் இறுகிக் கிடந்தது. கழுத்துப் பட்டியைத்தான் கழற்றினேன். வலை உடம்பில் ஒட்டிய இடமெல்லாம் குத்தின. நாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

பின்னேரம் திரும்பி வந்தது. மூஞ்சி பூசணிக்காய்போல வீங்கி ஒரு கண் மூடியிருந்தது, ஆனால் உயிரோடு வந்தது. என் கைகளும் தோளும் வீங்கின. மகளை ஒன்றும் தொடவில்லை. அவள் உடுப்பை எல்லாம் கழற்றி, தலைமயிரைப் பிரித்து, விரல் விரலாகப் பார்த்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன்.

அன்று மத்தியானப் பாயாசத்தோடு பெரியப்பா விளக்கம் தந்தார். "மருத்துநீர் மணம்தான் அதுகளைக் குழப்பினது. எங்கடை ஆக்கள் உந்தப் பழக்கங்களை யோசிக்கவேணும்." நாயைப் பற்றியும் வெடியைப் பற்றியும் பேச்சில்லை. அவருடைய காதில் ஒரு தேனீ குத்தியிருந்தது. மாமி அதற்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தா. "பாவம், ஆசையாச் செய்த பிள்ளை" என்றா. என் கை இரண்டும் மேசையில்தான் இருந்தன. அவற்றுக்குச் சுண்ணாம்பு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா விமானம் ஏறிப் போனார். குழம்பிய தேனீக்கள் அதற்கு முன்னமே பெட்டியை விட்டுப் பறந்து, பக்கத்துப் பூட்டிய வீட்டின் ஓட்டுக்குக் கீழே இரண்டு நாள் தொங்கி, பிறகு எங்கேயோ போய்விட்டன. அந்த வீட்டுக்காரரும் வெளிநாட்டில்தான், ஜேர்மனியில். பிள்ளையைப் பற்றிய என் பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். பின்கதவின் கொண்டியைத் திறந்தேன். மகள் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

சில கிழமைகளின் பின் ஒரு காலை கணவர் பின்வளவில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், அந்தப் பெட்டி நிமிர்ந்து நின்றது. உள்ளே பழைய மெழுகைத் தேய்த்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை வட்ஸப்பிலை சொன்னவர். உப்பிடி வைச்சால் வேறை கூட்டம் தானா வந்து இருக்குமாம்."

மகள் அவருக்குப் பக்கத்தில் குந்தி இருந்து பெட்டிக்குள் கையை விட்டு மெழுகை மணந்துகொண்டிருந்தாள்.

நான் போய்க் கொடுவாக் கத்தியை எடுத்து வந்தேன். மகளைத் தூக்கி வாசற்படியில் இருத்தினேன். பிறகு பெட்டியைப் பிளந்தேன். நல்ல பலகை, சுலபத்தில் பிளக்கவில்லை. கணவர் கருப்பட்டிச் சிரட்டையோடு பார்த்துக்கொண்டு நின்றார். பின்னடுப்பில் மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்து, பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். மெழுகு உருகி மணத்தது. நாய் வந்து எட்டத்தில் படுத்துக்கொண்டது.

"அண்ணை கேட்டால் என்னெண்டு சொல்லுறது?" என்றார் கணவர்.

"எரிச்சுப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. இந்த வளவிலை இனித் தேனீ வைக்க ஏலாது."

"நான் எப்பிடி அவருக்கு..."

"அப்ப போனைத் தாங்கோ."

தந்தார். வீடியோவில் அழைத்தேன். அங்கே நடுச்சாமம் போலும், பெரியப்பா தலையணையில் கிடந்தார். ஒரு கண்ணைத் திறந்து, "எப்பிடிப் பிள்ளை என்ரை தேனீயள்? கூட்டம் வந்திட்டுதோ?" என்றார்.

கைபேசியை அடுப்பின் பக்கம் திருப்பினேன். தீ நன்றாகப் பிடித்திருந்தது.

"அது என்ன எரியுது?" என்றார்.

"பெட்டி, அத்தான். சோறு வேகுது."

பெட்டியை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாமோ என்று பின்னேரம் யோசித்தேன். பலகை நல்ல பலகை. யோசித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். பின்கதவு திறந்தே கிடந்தது. மகள் கொய்யா மரத்தடியில், நாயின் மூஞ்சியைத் தன் மடியில் வைத்து, வீக்கம் வற்றியும் இன்னும் முழுதாகத் திறக்காத அந்தக் கண்ணை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.