தாய்மாமன் தொட வேண்டிய தேன்

மாமா கொண்டுவரும் தேனை எறும்பு தொடாது. மாமாவே சொன்னது. ஒருநாள் கிண்ணத்தருகே நாலைந்து எறும்புகள் வந்து சேர்ந்தபோது, "இதுங்க வழி தப்பி வந்ததுங்க லா" என்றார். அதையும் நம்பினேன்.

அம்மாவின் தம்பியான மாமா கிள்ளான் துறைமுகத்திலிருந்து பகாங்குக்கு லோரி ஓட்டினார். திரும்பும்போது ஒரு பழைய சிரப் போத்தலில் காட்டுத் தேன் வரும். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் துவாலாங் மரத்தின் உச்சியிலிருந்து இறக்கியது என்பார். பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டுச் சன்னலருகே போத்தலைச் சாய்த்துக் காட்டுவார். கடுங்காப்பி நிறத்துக்குள் வெயில் மெதுவாக நகரும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இல்லை.

வெறும் பிரமிப்பும் இல்லை, சாட்சியும் இருந்தது. இஞ்சிச் சாற்றில் குழைத்த தேன் இருமலை அடக்கியதை என் தொண்டையிலேயே கண்டிருக்கிறேன். தேன் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று பள்ளியில் பிரசங்கமே செய்வேன். "ஒரு கரண்டிதான் மருந்து. அதுக்கு மேல போனா வெறும் இனிப்பு. பல்லுதான் போவும்" என்பார் அத்தை. என் பிரசங்கத்தில் அந்த வரி மட்டும் வராது.

அத்தை அப்பாவின் அக்கா. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு மிஸ்ஸி. நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த ஆண்டுதான் தம்பி பிறந்தான். தொட்டிலில் போடும் நாளில் தாய்மாமன் தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைக்க வேண்டும். அதற்குச் சேனை என்று பெயர். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும். மாமா வெள்ளைச் சட்டையும் புதுப் போத்தலுமாக வந்துவிட்டார். மோதிரத்தைக் கழற்றும்போது, வேலை முடிந்து சீருடையோடு அத்தை உள்ளே நுழைந்தார்.

"ஒரு வயசு ஆவுற வரைக்கும் தேன் வேணாம்."

மாமா சிரித்தார். "அக்கா, இது கடைத் தேன் இல்ல. சுத்தமான காட்டுத் தேன்."

"எந்தத் தேனா இருந்தாலும்தான். அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி விதை இருக்கலாம். நம்ம வயித்துல அது ஒன்னும் பண்ணாது. பச்சப் பிள்ள வயித்துல முளைச்சிரும். அப்புறம் பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது, அழத் தெம்பு இருக்காது."

"அப்ப காய்ச்சி வெப்போம்."

"காய்ச்சினாலும் அது சாவாது தம்பி."

பக்கத்து வீட்டு ஆன்டிக்குப் பொறுக்கவில்லை. "எங்க எல்லாருக்கும் தேன்தான் வெச்சாங்க. செத்தா போயிட்டோம்? பெத்தவளுக்கு இல்லாத பயம் மிஸ்ஸிக்கு எதுக்கு?"

மாமா மோதிரத்தை விரலில் திரும்ப மாட்டிக்கொண்டு, "என் குணம் இந்த வீட்டுக்கு வேணாம்னா நேரா சொல்லிடுங்க" என்று வாசலுக்குப் போனார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள்.

கூடத்தில் தம்பியும் நானும் போத்தலும்தான். எனக்கு ஒரே கவலை. இப்படியே விட்டால் தம்பி எந்தக் குணமும் இல்லாமல் வளர்வானே. மாமாவின் குணம் இல்லையென்றால் என்னுடையதாவது இருக்கட்டும். வகுப்பில் நான் இரண்டாவது. விரலைத் தேனில் விட்டேன். கன்னத்தருகே கொண்டுபோனதும், கண்ணைத் திறக்காமலேயே அந்தச் சின்ன வாய் என் விரலைத் தேடித் திரும்பியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அத்தை. திட்டவில்லை. என் விரலை என் வாய்க்குள்ளேயே வைத்தார். "உனக்கு எட்டு வயசு. நீ சாப்புடு." பிடித்த மணிக்கட்டை மட்டும் உடனே விடவில்லை.

பிறகு வாசலுக்குப் போய் மாமாவிடம், "தேன்தான் வேணாம்னேன், உன்ன வேணாம்னு சொல்லல. அம்மா பால்ல தோச்சு நீயே வை" என்றார். மோதிரத்தை வாங்கி முட்டை வேகவைப்பதுபோல் கொதிக்கவைத்தார். "இன்னும் வேவலயா?" என்று மாமா அடுப்படியிலேயே நின்றார். ஆன்டிகூடச் சிரித்துவிட்டார். ஆறிய மோதிரத்தால் மாமா சேனை வைத்தார். போத்தலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரி உச்சியில் ஏற்றினார்.

தம்பியின் முதல் பிறந்தநாள் முடிந்த மறுநாள் மாமாவே அதை இறக்கினார். கொஞ்சமும் கெடவில்லை. ஒரு சொட்டு வைத்தார். தம்பி சப்புக்கொட்டினான். அடுப்படி வாசலில் நின்ற அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் தேன்தான் ஜெயித்தது, அத்தைக்குத் தோற்ற அழுகை என்று முடிவு செய்தேன். அன்று என் மணிக்கட்டை உடனே விடாததும் கோபத்தில் என்றுதான் கணக்கு.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டே அத்தை சொன்னார். தம்பி பிறப்பதற்குக் கொஞ்சநாள் முன்பு, அவருடைய வார்டில் அழத் தெம்பில்லாத ஒரு பிள்ளை கிடந்ததாம். அதன் நாக்கில் தேன் வைத்தவரும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தாய்மாமன்தானாம். பிள்ளையின் உயிர் போகும்வரை அவர் கட்டிலருகேயே நின்றாராம்.

அதற்கு முன்பு யாராவது, அன்று எங்கள் வீட்டில் அத்தை யாரைக் காப்பாற்றினார் என்று கேட்டிருந்தால், தம்பியை என்று மட்டும் சொல்லியிருப்பேன்.