அக்காவின் காருக்கு ஒரு அட்டை

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சந்து ரயில் நிலையத்துக்குப் பக்கம். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே எங்கள் வாசல்களில் காரை விட்டுவிட்டு ரயிலேறிவிடுவார்கள். வியாழக்கிழமைதோறும் காப்பார் ஊரிலிருந்து காரில் வரும் என் அக்கா, இடம் தேடி நாலைந்து முறை சுற்றுவாள். அதனால், இனி குடியிருப்பவர்கள் மட்டும் அட்டை வைத்து நிறுத்தும்படி செய்யப்போகிறார்கள் என்று குடியிருப்போர் சங்கத்து அண்ணன் கையெழுத்து வாங்க வந்தபோது நான் உடனே போட்டேன்.

விண்ணப்பப் பாரம் மலாய் மொழியில் இருந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவரே வாசித்து நிரப்பினார்.

"வீட்டுல எத்தன காடி தம்பி?" என்று கார் கணக்குக் கேட்டார்.

"காடி இல்லண்ணே. மோட்டார்சைக்கிள்தான்."

"அடிக்கடி வர்ற விருந்தாளி? அவங்களுக்கும் ஒரு அட்டை உண்டு."

"எங்க வீட்டுக்கு யாருண்ணே வரப்போறா?"

"காலத்துல கல்யாணம் பண்ணிருந்தா மாமனாராச்சும் வந்திருப்பாரு லா" என்று சிரித்து, அந்த இடத்தில் கோடு போட்டார்.

அக்கா அந்த வீட்டில் பிறந்தவள். அவளை விருந்தாளி என்று எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம். ஊட்டுவது, துடைப்பது எல்லாம் நான். குளிப்பாட்ட மட்டும் விடமாட்டாள். "ஆம்பளப் புள்ள நீ. அவ வரட்டும்." கூலிக்கு வந்த பெண்ணையும் விரட்டிவிட்டாள். வியாழக்கிழமை அக்கா கேட்டைத் திறக்கும்போதே, "வெந்நி போட்டியா தம்பி?" என்று குரல் கொடுப்பாள்.

அட்டை இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று பலகை நட்ட பிறகு வந்த முதல் வியாழன் அக்காவின் கார்ச் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். "எனக்குத்தான் நீ ஒரு காப்பு வாங்கித் தரல, காடிக்காச்சும் போட்டாங்களே" என்றாள். அடுத்த வாரம் தூரத்தில் ஒரு கடைத்தொகுதியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். ஏற்கெனவே முட்டிவலிக்காரி. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு முட்டி வீங்கி, ஒரு மாதம் வரவே இல்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டால் அம்மா தலையைத் திருப்புவாள். "இடம் கெடச்சிருச்சாமா அவளுக்கு?"

சங்கத்து அண்ணன் வீடு நாலு வாசல் தள்ளித்தான். மூன்று தடவை அவர் கேட் வரை போய்த் திரும்பினேன். சொந்த அக்காவை மறந்தவன் என்று சிரிப்பாரே என்ற கூச்சம். நாலாவது தடவைதான் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?" என்றார். ஒரு வாரத்தில் அட்டை வந்தது.

அதற்கடுத்த வியாழன் வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அன்று சந்து முழுக்க துக்கத்துக்கு வந்த யார் யாரோ கார்களை நிறுத்தியிருந்தார்கள். யாரும் அட்டை கேட்கவில்லை. எங்கள் வாசலை மட்டும் பக்கத்து வீட்டார் காலியாக விட்டுவைத்திருந்தார்கள். அக்கா அங்கே நிறுத்தி இறங்கினாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அட்டையை நீட்டினேன்.

"அப்புறம் குடு" என்றாள். கேட்டைத் தாண்டியதும் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்: "வெந்நி போட்டியா தம்பி?"

போட்டிருந்தேன்.