சுவரில் ஒட்டியிருந்த பொட்டு

ராணுவத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், இலக்கைப் பார்க்காதே என்பது. கேட்கக் கோணலாக இருக்கும். துப்பாக்கிக் குழலின் நுனியில் இருக்கும் குறிமுள்ளைத்தான் கண் தெளிவாகப் பார்க்க வேண்டும். தூரத்தில் இருக்கும் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறுவதற்குள் முழங்கைத் தோல் உரிந்துபோயிற்று. தண்டனையாக மைதானத்தை எத்தனை முறை சுற்றி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஏறிய பிறகு அது இறங்கவில்லை. படைப்பிரிவின் அணியில் சுட்டேன், மெடல் வாங்கினேன். ஓய்வு பெற்று மாமல்லபுரத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தபோதும் அந்தப் பைத்தியம் கூடவே வந்தது.

செங்கல்பட்டில் ஒரு கிளப்பில் சேர்ந்து ஏர் ரைஃபிள் சுட ஆரம்பித்தேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துப் போவேன். மற்ற நாட்களில் வீட்டிலேயே, குண்டு போடாமல் பயிற்சி. துப்பாக்கியைத் தூக்கி, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து, மூச்சை நிறுத்தி, விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். போட்டியில் சுடும் தூரம் பத்து மீட்டர்; எங்கள் ஹாலில் அது ஏது? இருக்கிற நீளத்துக்குத் தகுந்தபடி சின்னப் புள்ளி வேண்டும். மார்க்கரை எடுத்துப் புதுப் பெயிண்ட் மேல் வைக்கப் போனேன். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

“வூடு இன்னா உன் பட்டாளத்து செவுரா? கிறுக்கி வெச்சின்னா சோறு கெடையாது, ஆமா.”

சொல்லிவிட்டு, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்துச் சுவரில் ஒட்டினாள். “இது போதுமா பாரு.”

அளவு கச்சிதமாக இருந்தது. கறுப்பு இல்லை, மெரூன், பரவாயில்லை. அதற்குப் பிறகு நான் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம், “கட்டின பொண்டாட்டி நெத்திய குறி பாக்கிற ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்” என்று சொல்லிக்கொண்டே வேண்டுமென்று குறுக்கே நடப்பாள். நானும் கத்துவேன்.

போன வருடம் ஒரு காலையில், இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் கொண்டுவந்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்தது, சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள், அப்போதும் வரவில்லை. அணுபுரத்திலிருந்து வந்திருந்த என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அழுதுடுப்பா” என்றாள். அது என்ன குழாயா, திருகினால் வருவதற்கு? சாப்பிட்டேன், தூங்கினேன். கடல் காற்றுக்குத் துரு ஏறும் என்று துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சாயங்காலமானால் தூக்கினேன். நுனி தெளிவாக, புள்ளி மங்கலாக. மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்கோர் ஏறியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கிளப்பில் கூடச் சுடும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், “அண்ணாத்த, கை கல்லு கணக்கா நிக்கிது. இன்னா சாப்புட்ற?” என்றார். மூத்தோர் பிரிவில் மாநில அணிக்குத் தேர்வு வருகிறது, உனக்கு ஒரு இடம் உறுதி என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முப்பது வருடம் கூட இருந்தவள் போனதற்கு ஆடாத கை என்ன கை? உள்ளே ஏதோ செத்துப்போய்விட்டது, இனி அது திரும்பாது என்று நினைத்தேன். அந்த நினைப்பும் வேறு யாருடையதோ போல இருந்தது.

வருடத் திதிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்ய மகள் வந்தாள். ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே போனவளின் கை புள்ளியருகே போயிற்று.

“அதுல கை வெக்காத! என் டார்கெட்டு அது” என்று கத்தினேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். “டார்கெட்டா? இன்னாப்பா சொல்ற? அம்மா பொட்டு இது.” நகத்தால் அதன் ஓரத்தைத் தொட்டாள். “பவுடர் கூட ஒட்டிக்கினு கீது பாரு.”

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர் இருந்தது. ஒரு வருடமாகத் தினமும் அதைத்தான் மங்கலாக வைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் நெற்றியிலிருந்து வந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் துப்பாக்கியைத் தூக்கினேன். கண் நுனியில் நிற்கவில்லை. பொட்டுதான் தெளிவாகத் தெரிந்தது. கை நடுங்கி, குழல் எங்கெங்கோ போனது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தேர்வில் கிளப்பிலேயே மோசமாகச் சுட்டது நான்தான். போலீஸ்காரர் நான் சுட்ட டார்கெட் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்த, கை இப்டி ஆடுது?” என்றார்.

“ஆடுதுப்பா” என்றேன். அந்த ஒரு வருடத்தில் நான் சந்தோஷமாகச் சொன்ன சொல் அதுதான்.