அக்கா கைகளைத்தான் பார்ப்பார்

ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் நான் வேலை பார்த்த கார் வாஷின் வாசல் தூணில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. உள்ளங்கை அகலம். உள்ளே ஏதாவது தப்பாகப் போனால் ஓங்கி அடிக்க வேண்டும். சுழலும் பிரஷ்கள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். வருகிற காருக்கு நுரை அடிப்பது, ஈரம் துடைப்பது, மீதி நேரம் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பது, இதுதான் என் வேலை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், ஜொகூர் என்று சுற்றிவிட்டு ஆக்லாந்து வந்திருந்தேன். கால் கடுக்க நிற்பது எனக்குப் புதிதில்லை.

ஒருநாள் உள்ளே போன காரிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. ஓட்டி வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்ப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பின்னிருக்கையில் அவருடைய மகளும் மகனும். மகளுக்கு ஆட்டிசம்; பேச்சு கிடையாது. பிரஷ்கள் கண்ணாடியில் மோதியதும் அவள்தான் கத்தினாள். முகத்தில் சிரிப்பில்லை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பொத்தானை அடித்தேன். பிரஷ்கள் நின்றன, கூச்சலும் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அக்கா மட்டும் கதவைத் திறந்து நுரைக்குள் இறங்கி வந்தார்.

“ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்?”

“கொழந்த பயந்து கத்துதேக்கா!”

“பயந்தா அவளுக்குச் சத்தமே வராது. இப்ப போய்ப் பாருங்கோ.”

பார்த்தேன். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால்விரல்கள் மட்டும் செருப்புக்குள் மடங்கி இறுகியிருந்தன. எங்களுக்கெல்லாம் அமைதியாகத் தெரிந்ததுதான் அவளுடைய அழுகை.

அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வரிசையில் யாராவது முறையிடுவார்கள், குழந்தையை வதைக்கிறார்கள் என்று. முதலாளி ஃபிஜிக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் இனி அந்தக் காரை உள்ளே விடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டார். கேட்டதும் அக்கா சண்டை போடவில்லை. “கிழமை முழுக்க அவள் பாத்துக்கொண்டிருக்கிறது இதை ஒண்டைத்தான். ஒருக்கா அவரை வந்து பின்னுக்குப் பிள்ளையளோட இருந்து பாக்கச் சொல்லுங்கோ” என்றார். முதலாளி சிரித்துவிட்டு, நீ போய்ப் பார்த்து வந்து சொல் என்று என்னை அனுப்பினார்.

இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பிரஷ் நெருங்கியது. பெண் என் காதுக்குள்ளேயே கத்தினாள். அவள் உள்ளங்கை ஐந்து விரலும் விரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிரஷ் போகிற பக்கமெல்லாம் போனது. கால்விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. இதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. முதலாளிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே மறுபக்கம் என் சட்டை இழுபட்டது.

பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக வாராவாரம் நான் பார்த்த அதே சிரிப்பு. ஆனால் அவன் கை என் சட்டை நுனியைக் கசக்கிப் பிடித்திருந்தது, விரல் முட்டிகள் வெளுக்க.

“பயமா இருக்காடா?”

“நோ. ஐ ஆம் குட்.” சிரிப்பு அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் அந்தக் கையை அக்காவுக்குக் காட்டினேன். இன்னும் விடாமல் பிடித்திருந்தான். அக்கா காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அவளுக்காகவோடா சிரிச்சனி?”

தலையாட்டினான். பிறகுதான் அழுதான். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் சொன்னார்: “இவளை நான் பாடமாக்கி வைச்சிருக்கிறன். இவன் சிரிச்சா சிரிப்பெண்டு விட்டிட்டன், தம்பி.”

முதலாளியிடம் கண்டதைச் சொன்னேன். ஞாயிறு காலை, கடை திறக்குமுன் வந்து போகட்டும் என்றார். அதன்பின் பையன் என்னோடு தூணருகே நிற்பான். உள்ளே அவள் கத்துவாள். இவன் பொத்தான்மேல் கையை அழுத்தாமல் வைத்துக்கொண்டு, “ஷீ இஸ் ஹேப்பி” என்று எனக்கு விளக்குவான்.

அக்கா அதிலிருந்து எல்லோர் கைகளையும் பார்க்கத் தொடங்கினார். வேலை போய், தெற்கே பழத்தோட்டத்துக்குக் கிளம்புகிறேன் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சிரிச்சது காணும். கையை விரியுங்கோ பாப்பம்.” விரித்தேன். இறுக்கிப் பிடித்திருந்த என் வேன் சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. நான் அதுவரை கவனிக்கவில்லை. இத்தனை ஊர் சுற்றியும் அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. “ஏறுங்கோ” என்று முன்னிருக்கையைக் காட்டினார். “உள்ளுக்குப் போனாப்பிறகு கத்தோணும் போல இருந்தாக் கத்துங்கோ. அவளின்ர சத்தத்தில ஆருக்கும் கேக்காது.” கத்தினேன்.

இந்த மாதம் ஆக்லாந்து திரும்பினேன். வேனை அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். தூணருகே யாரோ புது ஆள். கட்டைவிரலை உயர்த்திச் சரியா என்று கேட்டான். நானும் உயர்த்தினேன். பிரஷ்கள் வந்து மோதின. தனியாகத்தானே இருக்கிறோம் என்ற தைரியத்தில் வாய்விட்டுக் கத்தினேன்.

பிரஷ்கள் சட்டென்று நின்றன. பொத்தானை அடித்துவிட்டு நுரையில் வழுக்கியபடி ஓடிவந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று கவலையோடு என் முகத்தையே பார்த்தான். இந்தப் பக்கம், ஐந்து விரலும் விரிந்து, என் கை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.