முழங்கைக்கு ஹெல்மெட்

சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் பெல் கேட்பார்கள், கூடை கேட்பார்கள், கைப்பிடியில் தொங்கவிடக் கலர் நாடா கேட்பார்கள். தலைக்கு மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கல்முனையில் பிள்ளைகளின் ஹெல்மெட் விற்கப் புறப்பட்ட என் பாடு, விலைபோகாத சாமானைத் தினமும் தூசு தட்டும் கடைக்காரர்களான உங்களுக்குத்தான் விளங்கும்.

பொலிசுக்குப் பயம்

சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் மகனுக்குச் சைக்கிள் வாங்க வந்தார். மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு மகன். அவருடைய ஹெல்மெட் முழங்கையில். பொலிசைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறும். பிள்ளைக்கும் ஒன்று எடுக்கச் சொன்னேன். என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"சைக்கிளுக்குப் பொலிஸ் புடிக்கிறல்லையே காக்கா!"

வளர்கிற தலை

மறுநாள் அந்தப் பொடியனின் உம்மா அவனைக் கூட்டிக்கொண்டு ஹெல்மெட் வாங்க வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரியான அளவை எடுத்துக் கொடுத்தேன். பெருநாள் சட்டையைப் போலப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிசு வேண்டும் என்றார். பெரிசை மாட்டியதும் பொடியனின் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. இப்படி ஆடினால் விழும்போது உதவாது என்று நான் தலைகீழாக நின்றும் பலனில்லை.

"வளர்ற புள்ள காக்கா, அடுத்த பெருநாளைக்குச் சரியா வரும்."

பெயர்ப்பலகை ஆணி

சில நாளில், கடை திறக்கப் போனால் பெயர்ப்பலகை ஆணியில் அந்த ஹெல்மெட் தொங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு காணவில்லை. மறுநாளும் அதே கதை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். உம்மா பார்க்கப் போட்டு வெளிக்கிட்டு, வழியில் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறான். திரும்பும்போது மறுபடி தலையில். "அளவானதை மாற்றித் தாறன், உம்மாவைக் கூட்டி வா" என்றேன். அவன் உம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்தான்.

"இதக் கழட்டினாத்தான் சாச்சா ரோட்டுத் தெரியுது."

கீறல்

அடுத்த கிழமை வாப்பா கொதித்துக்கொண்டு வந்தார். அன்று காலை பள்ளிக்கூடம் போகையில் ஆட்டோவுக்கு ஒதுங்கப்போய்ப் பொடியன் விழுந்து, நெற்றியில் தையல். "ஹெல்மெட் போட்டும் புள்ளட தலை வெடிச்சிட்டே, என்ன சாமான் விக்கிறீங்க?" என்று கத்தினார். அவர் தலைக்கு மேலே, ஆணியில், அது காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன். கழற்றி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேள, இதுக்கு ஒரு கீறலும் இல்ல. பெருநாளைக்குப் போடலாம்."

வாப்பாவின் முழங்கைக்கும் என் கடை ஆணிக்கும் ஹெல்மெட் உண்டு என்பதால், எங்கள் ஊரில் இதுவரை முழங்கையும் ஆணியும் மட்டும் அடிபடாமல் இருக்கின்றன.