பிள்ளைகளுக்கு முன்னால் நான் பார்த்த படங்கள்

சினிமா பார்ப்பதும் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொட்டகை மணலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இந்த இடத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்த வேண்டுமா, காதைப் பொத்த வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும். பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் வீட்டுக்கு மட்டும் பார்க்கிற வேலையை நான் ஒரு சபைக்கே சேர்த்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை கிடைத்த விதம்

போடியில் டூரிங் கொட்டகை போட்ட நாளிலிருந்து எங்கள் சபையில் ஒரே வழக்கு. சினிமா என்றாலே பாவம் என்று பாதிப் பேர். மீதிப் பேர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் இருந்தார்கள். பிள்ளைகளோ நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நச்சரித்தன. பாஸ்டர் ஐயா கொட்டகைப் பக்கம் போக முடியாது. ஒருநாள் மாதர் சங்கக் கூட்டத்தில், "குடும்பப் படம்னு நோட்டீசுல போடுறான். யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே பார்த்துட்டு வந்து, நம்ம பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதான்னு சொன்னா நல்லது" என்றார்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். என் கை மட்டும் தானாகத் தூக்கிக்கொண்டது. நான் சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் படம் பார்க்க ஐந்தாவது போதும் என்று தைரியம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று நான் சொல்ல வேண்டும். மலைமேல் போடிமெட்டு எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் சபைச் சனங்களுக்கு லோடு லாரிக்காரர் மேலே கொண்டுபோய்ச் சொல்லிவிடுவார். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி என்னை நியமித்துவிட்டு நிமிர்ந்தபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "ரொம்ப நாளா இதுக்குத்தான் நம்ம ஞானம் உபவாசம் இருந்திருப்பா போல. கர்த்தர் கேட்டுட்டாரு!"

இரண்டு முடிச்சு

நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போகிறவள். பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு கை பிரிக்கும். அதே வழியில் படத்தையும் பிரித்தேன். மடியில் கொஞ்சம் ஏலக்காய். முந்தானையில் இரண்டு முடிச்சு. படத்தில் நல்லது ஒன்று நடந்தால் வலது முடிச்சில் ஒரு காய். மகன் தகப்பனை எதிர்த்துப் பேசினால், ஒருத்தன் குடித்துவிட்டு ஆடினால், பொய் சொன்னவன் மாட்டாமல் தப்பித்துவிட்டால் இடது முடிச்சில் ஒரு காய். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் தீர்ப்பு தயார்.

துணைக்கு எப்போதும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வருவாள். தோட்டம் துரவு உள்ள குடும்பம், வாய்க்கு வரி கட்டாதவள். ஒரு படத்தில் கதாநாயகி மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டபோது என் கையையே பார்த்தாள். "எங்க ஆத்தாளை எந்த முடிச்சுல போடப் போற?" என்றாள். நான் காயை மடியிலேயே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஒரு கொள்ளைக்காரன் வந்தான். கத்தியைத் தூக்கினான். எனக்குப் பயம் வந்தால் வாயில் எதையாவது போட்டு மெல்ல வேண்டும். ஒற்றை மிஷின் கொட்டகையாதலால் அந்த நேரம் பார்த்து ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். என் இடது முடிச்சு காலி. பேச்சியம்மா என் வாயை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாவத்தையெல்லாம் நீயே மென்னு தின்னுட்டு, நல்ல படம்னு சொல்லப் போறியாக்கும் ஆத்தா?"

கஞ்சி போட்ட சேலை

ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் எஸ்தர் டீச்சர் வந்தாள். மதுரையில் படித்தவள். எங்கள் சபைப் பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்து, கோயில் வளவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் குடை. அவள் கொட்டகைக்குப் போகவே மாட்டாள். கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை யாரிடமாவது சொல்லி வாங்கி, அதில் போட்டிருக்கிற கதையைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று வேத வசனத்தோடு விளக்குவாள். முதல் வாரம் என்னைச் சுற்றி நின்ற கூட்டம் மூன்றாவது வாரம் அவளைச் சுற்றி நின்றது.

என் வயிறு எரிந்தது, மறைப்பானேன். இதில் என் மகள் கிரேஸ் வேறு அவளிடம் ஒன்றாம் வகுப்பு. சாப்பிட உட்கார்ந்தால் "எங்க டீச்சர் இப்படிச் சொன்னாங்க", படுத்தால் "எங்க டீச்சர் அப்படிச் சொன்னாங்க". அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே என் கையிலிருக்கிற பாத்திரம் கொஞ்சம் சத்தமாகத் தரையில் உட்காரும். நானும் என் சேலைக்குக் கஞ்சி போட்டுப் பார்த்தேன். வடித்த கஞ்சி கெட்டியாகிப் போய், சேலை பலகை மாதிரி நின்றது. அதையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, மூன்று மணி நேரம் பார்த்த படத்தைப் பற்றி, "நல்லாருந்துச்சு, கூட்டிட்டுப் போகலாம்" என்றேன். அதே பின்வரிசை அம்மாள் என்னைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்: "டீச்சரம்மா படமே பார்க்காம எம்புட்டுச் சொல்றாங்க! நீ முழுசாப் பார்த்துட்டு வந்தும் இம்புட்டுத்தானே சொல்ற?"

பாதிக் கதை

ஒரு மகன் தாயின் சங்கிலியைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிற படம் ஒன்று வந்தது. கடைசியில் அவன் கந்தல் துணியோடு திரும்பி வந்து தாயின் காலில் விழுவான். கொட்டகையே அழுதது. வேதத்தில் வருகிற, தகப்பனிடம் திரும்பி வந்த கெட்ட குமாரன் கதைதானே, இதைவிடப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? டீச்சரோ "திருட்டைக் கற்றுக் கொடுக்கிற படம்" என்று சொல்லிவிட்டாள். பாஸ்டர் ஐயாவும் தலையை ஆட்டிவிட்டார். பிள்ளைகள் யாரும் போகவில்லை.

ஆற்றாமையில் நானும் அந்தப் பாட்டுப் புத்தகத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். மகன் ஓடுகிற இடத்தோடு கதை நின்றுபோயிருந்தது. கீழே, "மீதியை வெள்ளித்திரையில் காண்க!" அடடா! பாவம் வரைக்கும் படித்துவிட்டு மனந்திரும்புதலை விட்டுவிட்டல்லவா டீச்சர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் படத்தைப் பார்த்திருக்கும். நான் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு நல்ல நாள் வரட்டும் என்று புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்தேன். சோறு பொங்க அரிசி அள்ள வந்த என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, இது பழுக்க எத்தனை நாள் ஆகும்?"

கோயில் வாசல்

கிறிஸ்துமஸ் வந்தது. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு அடுத்த புதன்கிழமை மெட்டிலிருந்து எஸ்டேட்டுப் பிள்ளைகளை இறக்கி விருந்து வைப்போம். இந்த வருடம் ஒரு படமும் காட்டலாம் என்று பாஸ்டர் ஐயாவுக்கு ஆசை; முன்கூட்டியே மெட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது ஓடியது ஒரு கூட்டுக் குடும்பத்துக் கதை. மூத்த மருமகள், இளைய மருமகளை யாராவது மெச்சினால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு பொய்யைச் சொல்லிக் குடும்பத்தைப் பிரித்து, கடைசியில் திருந்துவாள். "இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா!" என்று நான் திட்டித் தீர்த்தேன். பேச்சியம்மா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வலது முடிச்சில் பதினொரு காய், இடதில் இரண்டே இரண்டு. ஒன்று அந்தப் பொய்க்கு, இன்னொன்று தாத்தா பிடித்த சுருட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முந்திக்கொண்டு, "அருமையான குடும்பப் படம், தாராளமாகக் கூட்டிப் போகலாம்" என்று சொல்லிவிட்டாள். "ஞானம், நீ என்ன சொல்ற?" என்றார் பாஸ்டர் ஐயா. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் ஆமாம் என்றால் டீச்சர் சொன்னது சரி என்றாகிவிடும். கிரேஸ் என் கையை விட்டுவிட்டு டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆகாதுங்கய்யா" என்று என் வாய் சொல்லிவிட்டது. முந்தானைக்குள் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய பாட்டுப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினேன். "டீச்சரம்மா படிக்கிறது பூராம் பாதிக் கதை. மீதியைப் பார்த்தவ நான். அதைக் கோயில் வாசல்ல வச்சுச் சொல்ல முடியாது." டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு தலையை நிமிர்த்தி எல்லோரிடமும் சொன்னாள்: "தப்பு என்னுடையது. முழுசும் பார்த்தவங்க சொல்றதைத்தான் நாம கேட்கணும்."

மெட்டிலிருந்து வந்தவர்கள்

அந்த வாரம் லாரிக்காரர் மேலே போகவில்லை. படம் இல்லை என்ற செய்தியும் போகவில்லை. புதன்கிழமை எஸ்டேட்டு வண்டியில் பிள்ளைகள் வந்து இறங்கின. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக் களைத்துப்போய், கோயில் கிணற்றில் முகத்தைக் கழுவியதும், "கொட்டகை எங்கிட்டு இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பாஸ்டர் ஐயா மெதுவாகச் சொன்னார். ஒரு பிள்ளையும் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பெண்பிள்ளைகள் படத்துக்கென்று தலையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள்.

ராகேல் என்கிற எஸ்டேட்டுக்காரி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தாள். "எம் மோளுக்கு இந்த ஒரு படத்தைச் சொல்லித்தான் மழையிலயும் அட்டைக்கடியிலயும் ஏலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்படி என்னக்கா இருக்கு அதுல? எங்கிட்ட மட்டும் சொல்லு." நான் தேடித் தேடிப் பார்த்தேன். தாத்தாவின் சுருட்டைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்து நேரே பாஸ்டர் ஐயாவிடம் போனேன். "படத்துல ஒண்ணும் இல்லைங்கய்யா. டீச்சர் சொன்னதுக்கு ஆமான்னு சொல்ல எனக்கு மனசு வரலை" என்றேன். அவர் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்த டீச்சர் பக்கம் கையைக் காட்டினார். போய் அவளிடமும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் சொன்னது இது: "ஒண்டியா இருக்கிறவ கொட்டகைக்குப் போனா ஊர் சும்மா விடுமா ஞானம்? அதனாலதான் புஸ்தகம். புருசன் அனுப்பி வச்சு, பேச்சியம்மா துணைக்கு வந்து, நீங்க ஏலக்காயை மென்னுக்கிட்டுப் படம் பார்க்கிறதைக் கேட்டு நான் எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?"

மறுபடியும் அதே படம்

சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு எல்லோருமாகப் போனோம். பிள்ளைகள் முன்னால், மணலில் வரிசையாக. ரிப்பன் எல்லாம் மறுபடி தலைக்கு ஏறியிருந்தது. பெண்கள் பக்கத்தில் எனக்கும் பேச்சியம்மாவுக்கும் நடுவில் எஸ்தர் டீச்சர், கஞ்சிச் சேலையோடு மணலில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கிற முதல் படம். அவளுக்கும் கொஞ்சம் ஏலக்காய் கொடுத்தேன். இளைய மருமகளை மாமனார் மெச்சுகிற கட்டம் வந்தது. மூத்தவள் அடுப்படியில் நின்று கையிலிருந்த குண்டானை ணங்கென்று தரையில் வைத்தாள். முன்வரிசையில் கிரேஸ் துள்ளி எழுந்து, கொட்டகை முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "டீச்சர், டீச்சர்! உங்களைப் பத்திப் பேசினா எங்கம்மாவும் இப்படித்தான் வைக்கும்!"

இந்த ஒன்றிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாதது என்று மூன்று தேறும், அதில் ஒன்று கொட்டகையில் ஓடவில்லை, கோயில் வாசலில் நானே நடித்தது.